மச்சினனுக்குப் பத்து விநாடி

"என் வீட்டுக்காரர் விலைபோயிட்டாரான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் அந்தப் பெண்மணி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

சர்வேயர் நாற்காலியைக் காட்டினார். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியே தலை நரைத்தவர் அவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளர் ஒரு காலத்தில் டாக்சி ஓட்டியவர், கார் பந்தயப் பைத்தியம். எதிராளி வாயைத் திறப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவதால் கட்டடமே அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கணவர் பந்தய மைதானத்தின் தலைமை நடுவர். இவருடைய கூடப்பிறந்த தம்பி அதே மைதானத்தில் கார் ஓட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை கொட்டும் மழையில் நடந்த இறுதிப் பந்தயத்தில் அவன்தான் முதலில் வந்தான். ஆனால் கடைசி வளைவில் அவன் காரும் டயர் கம்பெனி முதலாளி மகனின் சிவப்புக் காரும் உரசியிருந்தன. தவறு மச்சினன் மேல் என்று நடுவர் அவன் நேரத்தோடு பத்து விநாடியைக் கூட்டிவிட்டார். முதலிடம் முதலாளி மகனுக்குப் போயிற்று. அதோடு, பெரிய அணியில் அடுத்த வருடம் ஓட்டும் வாய்ப்பும் போகிறது.

"ஒரு தடவைன்னா தலையெழுத்துன்னு விட்டுடுவேன் சார். இந்த வருஷம் இது மூணாவது தண்டனை. பணக்காரப் பிள்ளைக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமான்னு மைதானமே கேக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இவர் தீர்ப்ப மாத்தலைன்னா அந்த இடம் கைவிட்டுப் போயிடும்."

"தம்பி என்ன சொல்றார்?"

"என் மேல தப்பில்ல, அத்தானே பாத்துச் சொல்லட்டும்னான். தீர்ப்பு வந்ததும் பேச்ச நிறுத்திட்டான். எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான். அம்மா அப்பா போனதும் நான் தூக்கி வளத்த பிள்ளை சார். இப்போ ரெண்டு பேரும் மூஞ்சிகுடுத்துப் பேசுறதில்ல. நடுவுல கெடந்து நான் சாகறேன்."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? டயர் கம்பெனிக்காரன் ஆள வாங்கிட்டான்!" என்றார் அவசரம்.

"அவங்க இன்னும் மூச்சுகூட விடல. அதுக்குள்ள தீர்ப்பா?" என்றார் சர்வேயர்.

மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. அடுக்கி வைத்த பழைய டயர்களுக்குள் மழைநீர் தேங்கி நாறியது. பார்வையாளர் வரிசையில் யாரோ கிழித்த விளம்பரத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மாடியில், ஈரக் கம்பள வாடை வீசும் ஓர் அறையில், வரிசையான திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் கேமராப் பதிவுகளைக் கவனிக்கும் பெண்.

"எங்க நடுவர் படு கெடுபிடி சார். சின்ன உரசலுக்கே திரும்பத் திரும்பப் போடச் சொல்லி என் உயிர வாங்குவார்."

"போன ஞாயித்துக்கிழமை எத்தனை தடவை போட்டீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் போடவே இல்ல. வளைவுல இருக்கற கேமரா மழையில ஒண்ணுத்துக்கும் ஆகல. சிவப்புக் கார்லயும் கேமரா வேலை செய்யல. அவர் மச்சினன் காருக்குள்ள இருந்த கேமராவோட கார்டு மட்டும் வந்துச்சு. தன் ரூம்ல பாத்துக்கறேன்னு வாங்கிட்டுப் போனார். அவன் விஷயம்னா எப்பவுமே அப்படித்தான். சொந்தக்காரப் பையன், சங்கடமா இருக்கும்னு நானும் கேட்டுக்கல."

"சொந்தக்காரர் ஓட்டுறப்போ வேற நடுவர் கிடையாதா?"

"இருந்தவர் வேலைய விட்டுட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. யாரும் வரல."

நடுவரின் அறை அதே மாடிக் கோடியில் இருந்தது. பல நாள் தூங்காத முகம் அவருக்கு. கேட்டதும் அலமாரியைத் தானே திறந்துவிட்டார். பந்தயம் முடிந்ததும் வண்டிப் பரிசோதகர் ஒவ்வொரு கார்டையும் உறையில் போட்டு, வாயில் தாள் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுத் தருவது அங்கே வழக்கம். வருடம் முழுவதும் வந்த உறைகள் ஒரு பெட்டியில் இருந்தன. பெரும்பாலானவை வாய் கிழிந்து, கசங்கிக் கிடந்தன. அவசரம் அவற்றைக் கிளறி, மச்சினனின் கார் எண் எழுதிய மூன்றை வெளியே எடுத்தார்.

"சார், சாட்சி பத்திரமா இருக்கு! கையெழுத்துகூடக் கலையல. ஒருத்தனும் கைவைக்கல!"

சர்வேயர் ஒட்டிய தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"டயர் கம்பெனி முதலாளி உங்கள வந்து பாத்தாரா?"

"வந்தார். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் நடுவர். குரலில் பொய் இல்லை, தெம்பும் இல்லை.

பிற்பகல் சர்வேயர் எல்லோரையும் திரைகள் இருந்த அறைக்கு வரவழைத்தார். தம்பி கதவோரம் நின்றுகொண்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"விலைபோனவன் முதல் வேலையா கார்டப் போட்டுப் பாப்பான்" என்று தொடங்கினார் சர்வேயர். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மறைக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். மாட்டிக்குவோம்னு தோணினா தொலைச்சிருப்பான். இவர் தொலைக்கல, ஒளிக்கல. கேட்டதும் எடுத்துக் குடுத்தார். ஆனா மத்தவங்க உறையெல்லாம் கிழிஞ்சிருக்கு. இந்த மூணு மட்டும் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு."

அவசரத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ நான் பத்திரமா இருக்குன்னு சொன்னது..."

"பத்திரமா இருந்ததுதான்யா குத்தமே. மூணு தடவையும் இவர் பாக்காமலே தண்டனை குடுத்திருக்கார்."

நடுவரின் மனைவி கணவரையே வெறித்துப் பார்த்தார். "ஏங்க?"

நடுவர் அந்த மூன்று உறைகளையும் மேசைமேல் ஒழுங்காக அடுக்கினார். "பாத்து, அவன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா விட்டாகணும். விட்டா, மச்சினனக் காப்பாத்திட்டான்னு பேசுவாங்க. இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து ஒருத்தன் விரல்நீட்டிப் பேசினதில்ல. தண்டனை குடுத்துட்டா எல்லார் வாயும் அடங்கிடும்னு நெனச்சேன்."

"அடங்கிச்சா?" என்றார் மனைவி.

நடுவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசிப் பந்தயத்தின் உறையைக் கேமராப் பதிவுப் பெண் கிழித்து, கார்டைச் செருகினாள். திரையில் மழை, வைப்பர், ஸ்டீயரிங்மேல் இரண்டு கைகள். கடைசி வளைவு வந்தது. தம்பியின் கைகள் தன் பாதையை விட்டு இம்மியும் விலகவில்லை. வலப்பக்கத்திலிருந்து சிவப்புக் கார் குறுக்கே பாய்ந்து இடித்தது. யாரும் கேட்காமலே அவள் பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை போட்டாள்.

நடுவர் போனை எடுத்தார். போட்டிக் குழுவை அழைத்து, தண்டனையை ரத்து செய்வதாகச் சொன்னார். மறுமுனையில் சிரித்தார்கள் போலிருக்கிறது, அவர் முகம் கறுத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

"பொழுது இருக்குப்பா. அந்த இடம் இனி உனக்குத்தான்" என்றார் மச்சினனிடம்.

"மத்த ரெண்டையும் போடுங்க அத்தான்."

"அதுக்கு இப்போ என்னப்பா அவசியம்?"

"முதல் பந்தயத்துல தப்பு என்னோடது. வேணும்னேதான் இடிச்சேன். அது எனக்குத் தெரியும். இதுல நான் இடிக்கலைங்கறதும் எனக்குத் தெரியும்." அவன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாப் போச்சு. வேற எவன் காரா இருந்தாலும் பாத்திருப்பீங்க இல்ல?"

தம்பி கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினான். அக்கா பையை எடுத்துக்கொண்டு, கணவரைத் திரும்பிப் பாராமல், அவன் பின்னாலேயே போனார்.