நாடிக்காப்பில் ஓடிய விலை

மருந்துக்கடைக்குள் நுழையும் முன் தினகரன் வாசலில் நின்று ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டார். வராத கொட்டாவிதான், இழுத்து வரவழைத்தார். உள்ளே இருக்கும் விலைசொல்லிப் பெட்டி எல்லாவற்றையும் பார்க்கும். கால் எவ்வளவு அவசரமாக வருகிறது, கண் எந்த அலமாரியில் நிற்கிறது, நாடி எப்படித் துடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலையைச் சொல்லும். ஆளுக்கொரு விலை. அந்த ஆள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பானோ, அதில் ஒரு ரூபாய் குறையாது.

நாடியையும் பேச்சையும் பிடித்துக் கொடுப்பது மணிக்கட்டில் கிடக்கும் நாடிக்காப்பு. ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுத்தது. கழற்றினால் அரிசி கிடையாது. கொடுத்த அன்று திரையில் நாற்பது பக்கம் ஓடியது. கீழே 'சம்மதம்' என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பொத்தான். 'சம்மதமில்லை' எங்கே என்று தேடியவர்களைப் பின்னால் நின்ற வரிசை திட்டியது. ஊரே அமுக்கிவிட்டுப் பையை விரித்தது.

தன்தரவுக் காப்புச் சட்டம் நாலு வருடம் கழித்து, சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதற்குள் ஊரின் இருமல், தூக்கம், சண்டை, ஆசை எல்லாம் கடல் கடந்து போய் விலைசொல்லிக்குப் பாடமாகிவிட்டன. விலைசொல்லியைச் செய்த நாட்டில் எந்த மருந்துக்கும் எல்லோருக்கும் ஒரே விலைதானாம். அங்கே ஒருவரின் நாடியைக் கேட்கவே வக்கீல் வைக்க வேண்டுமாம்.

தினகரனின் மனைவி சுகந்திக்கு நுரையீரல் நார்போல இறுகிக்கொண்டு வந்தது. மாதம் ஒரு குப்பி மருந்தை உறிஞ்சினால் மூச்சு ஓடும். இரண்டு மாதம் விட்டால் நின்றுவிடும். குப்பியும் அவள் மூச்சுக்கு மட்டும்தான் திறக்கும், வேறு ஆளை விட்டு வாங்க வழியில்லை. அடுத்த குப்பியின் விலை அவள் நாடிக்காப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதல் குப்பி எட்டாயிரம். அவளுக்கு மூச்சுத் திணறி, இவர் செருப்பில்லாமல் ஓடிப்போய் நின்ற மாதம் இருபத்தாறாயிரம். அன்று பின்னால் நின்றவன், பிடிக்காத சித்தப்பாவுக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தவன், அதே மருந்தை மூவாயிரத்துக்கு வாங்கிப் போனான்.

அப்போதுதான் தினகரனுக்கு உறைத்தது. முப்பது வருடமாக மாட்டுச் சந்தைத் தரகர். அவர்கள் சந்தையில் இன்றைக்கும் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். காப்பு இடது கையில், பேரம் வலது கையில். அந்தத் தொழிலில், மனசுக்குப் பிடித்த மாட்டைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. சுழி சரியில்லை, பல் தேய்ந்துவிட்டது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று நடையைக் கட்ட வேண்டும். மனசில் இருப்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

சுகந்தியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் நாடி சொல்லிவிடுமே.

"ஏனப்பா தினா, ஊட்டுல இப்ப எப்புடி இருக்குது?" என்று டீக்கடையில் கேட்டார் கூட்டாளித் தரகர் மகேந்திரன்.

"அதையேங் கேக்கறே. இருமல் சத்தத்துல கண்ணசர முடியல. வந்த நாள்லருந்து தண்டம்."

"அடப்பாவி, கட்டுன பொண்டாட்டியப் போயி மாட்டுக்குச் சொல்றாப்புல சொட்டை சொல்றே?"

"மாடுன்னா வித்துப்போட்டிருப்பேனே."

மகேந்திரன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த மாதம் விலை பத்தொன்பதாயிரம்.

தினகரன் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டிலை முன்னறைக்கு மாற்றினார். பூ வாங்குவதை நிறுத்தினார். மறுமண விளம்பரங்களைக் கைபேசியில் சாவகாசமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விலை பன்னிரண்டானது, ஏழானது, நாலாயிரமானது. ஒருநாள் அவள் கதவோரம் நின்று, "ஏனுங்க, நானு என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டாள்.

"நீ பண்றதுக்கு என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய், மாட்டுத்தொட்டித் தண்ணீரில் இடது கையை முழங்கை வரைக்கும் அமுக்கிக்கொண்டு நின்றார். குளிர்ந்தால் நாடி அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இன்று ஆறாவது மாதம்.

"வணக்கம், தினகரன். குப்பியின் விலை நானூறு ரூபாய்," என்றது விலைசொல்லி.

ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே துள்ளியதை அடக்கி, அவர் இன்னொரு கொட்டாவி விட்டார்.

"ஆனால் விற்பனை இல்லை. நோயாளி நேற்றுக் காலை சிகிச்சையை மறுத்துவிட்டார்."

"மறுத்துட்டாளா? ஏன்?"

"காரணம் அவருடைய தனிப்பட்ட தரவு. தன்தரவுக் காப்புச் சட்டப்படி கணவருக்கும் சொல்ல இயலாது."

அந்த ஊரில் சட்டம் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

வீட்டில் சுகந்தி சேலைகளை இரண்டாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "வர்றவ என்ன ஒசரமுங்க? இந்த நாலும் புதுசு. ஜாக்கெட்டுத்தான் பத்தாது."

"சுகந்தி, அத்தனையும் பேரம் புள்ள! வெலைய எறக்கறதுக்குத்தான்... உன்னையப் பத்திப் பேசுன ஒரு சொல்லும் நெசமில்ல!"

"இப்பப் பேசறது யாருகிட்டீங்க, எங்கிட்டயா பொட்டிகிட்டயா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாசாமாசம் இந்தக் காப்புல பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இருவத்தாறாயிரமா இருந்தேன். நாலாயிரமானப்பவே புரிஞ்சுபோச்சு. நேத்து நானூறு. ஆளுக்குத்தான் பொய் சொல்ல வரும். பொட்டிக்கு வராதுங்க."

தினகரன் அவள் காலடியில் உட்கார்ந்து, தொட்டித் தண்ணீரைச் சொன்னார், மகேந்திரன் வைத்துவிட்டுப் போன டீயைச் சொன்னார். அவள் முகம் அசையவில்லை. அவர் வாய்விட்டு அழுதார்.

அவள் மணிக்கட்டில் நானூறு, நாலாயிரமானது.

சுகந்தி குனிந்து பார்த்தாள். இருபதாயிரம். அறுபதாயிரம். லட்சத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. இந்த வீடு, நாலு மாடு, அவள் காதில் கிடந்த கம்மல் எல்லாவற்றையும் விற்றால் என்ன தேறுமோ, அந்தத் தொகைக்கு வந்து நின்றது. ஒரு குப்பிக்கு. ஒரு மாதத்துக்கு.

"நெசந்தானுங்களா?" என்றாள். ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "இம்புட்டா?"

அவள் மருந்துக்குச் சம்மதம் என்று பச்சைப் பொத்தானை அமுக்கினாள். எண், இனி அவர் யார் யாரிடம் கடனுக்குக் கைநீட்டுவார் என்று யோசித்ததுபோல ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

தினகரன் தோளில் கிடந்த துண்டை இழுத்து அவள் கையின்மேல் போட்டார். துணிக்கு அடியில் அவள் அவருடைய விரல் நான்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க," என்றாள். "ஏறுது."

தினகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு கொட்டாவிக்கு முயன்றார். வரவில்லை. துண்டுக்கடியில் வெளிச்சம் எண் மாற மாற மினுங்கிக்கொண்டிருந்தது.