பாறை இடுக்கில் ஒரு பிணம்

முதுகில் கத்தி!

மலைக்கோட்டைக்குள் வருவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் பாறை இடுக்குதான். அதன் வாசலில் காவல்காரன் ஈராம் குப்புறக் கிடந்தான். ரத்தம் இன்னும் காயவில்லை.

கோட்டைத் தலைவன் மக்தியேல் குனிந்து பார்த்தான். பயமில்லை. எரிச்சல்தான். ஏதோம் நாட்டிலேயே உயரமான பாறை அவனுடையது. எந்தப் படையும் இதுவரை உள்ளே நுழைந்ததில்லை.

"அப்போ கொன்னவன் உள்ளேதான் இருக்கான்."

பக்கத்தில் நின்ற ஜபூத் தலையாட்டினான். பாலைவன வணிகன். வருஷாவருஷம் ஒட்டகங்களோடு வந்து மக்தியேலின் பந்தியில் சாப்பிடுகிறவன். இந்த முறை ஆட்கள் கொஞ்சம் அதிகம்.

"இடுக்கைக் கல்லு போட்டு அடைச்சிடுங்கண்ணே. எவனும் ஓட முடியாது. உங்க ஆளுங்க ஆயுதத்தை எல்லாம் முற்றத்துல வைக்கச் சொல்லுங்க. எவன் கத்தி உறை காலின்னு தெரிஞ்சிடும்."

நல்ல யோசனை... கற்கள் உருண்டன. ஆயுதங்கள் குவிந்தன.

மாவரைத்துக்கொண்டிருந்த திர்சா நிமிர்ந்தாள். எருசலேம் எரிந்தபோது தப்பி வந்தவள். அப்படி வந்தவர்களை வழிமறித்துப் பாபிலோன் படையிடம் பிடித்துக் கொடுத்தவன் மக்தியேல். இவளை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டான்.

"நம்மள யாரு அசைக்க முடியும்னுதான் எங்க ஊர்லயும் இருந்தோம்யா. கடவுள் எங்களையே விடல. உங்களை விடுவாரா?"

உன் கடவுளுக்கு இவ்வளவு உயரம் ஏற மூச்சு இருக்காது என்று மக்தியேல் சிரித்தான்.

சோதனை முடிந்தது. வீரர்களில் ஒருவன் உறையும் காலியாக இல்லை!

மக்தியேல் மெல்லத் திரும்பினான்.

ஜபூத்தின் இடுப்பில் வெறும் உறை தொங்கியது. அவன் ஆட்கள் ஆயுதக் குவியலைச் சுற்றி நின்றார்கள்.

மக்தியேல் இடுக்கைப் பார்த்தான். கல்லுக்கு மேல் கல். அவனே போடச் சொன்னது.

"என் உப்பைத் தின்னுட்டு... ஏன்டா?"

"பாபிலோன்காரன் இந்தப் பாறையைக் கேட்டான். ஈராம் பாவம், என் ஆளுங்களை எண்ண ஆரம்பிச்சான்."

மக்தியேல் திர்சாவிடம் ஓடினான். உன் கடவுளிடம் எனக்காக ஒரு வார்த்தை கேள் என்று கெஞ்சினான்.

அவள் மாவரைப்பதை நிறுத்தினாள். "அன்னிக்கு நாங்களும் உங்ககிட்ட வழிதான்யா கேட்டோம்."

ஜபூத் தலைவனின் ஆசனத்தில் சாய்ந்து, சூடான ரொட்டியைப் பிய்த்தான்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்கண்ணே. இனிமே நீங்கதான் விருந்தாளி."