மினுக்கிய வெள்ளிக்காசு

"வாற மனுசன் போகுமட்டும் நீர் குசினியை விட்டு வெளியிலை வரப்படாது! விளங்குதோ?"

படிக்கட்டின் கைபிடியைத் தடவித் தடவி இறங்கியபடியே ஸ்ரீஸ்கந்தராஜா சொன்னார். சலரோகம் என்கிற நீரிழிவு அவருடைய இரண்டு கண்களிலும் பாதிப் பார்வையைத் தின்றுவிட்டிருந்தது. அவருடைய மனைவி கனகாம்பிகை இடியப்பத் தட்டுகளை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ஓம்" என்றாள்.

"தேத்தண்ணியைச் சிவா கொண்டுவரட்டும். நீர் காசுகளுக்குக் கிட்ட வந்தாலே எனக்கு நெஞ்சு பதறும்."

சாப்பாட்டு மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஸ்ரீஸ்கந்தராஜாவின் ஒரே தங்கை. ஈஸ்ட் ஹாமில் நகரசபை கொடுத்த பிளாட்டில் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் செவன் கிங்ஸில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து அண்ணிக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் போவாள். அண்ணன் இப்படிப் பேசும்போதெல்லாம் அவள் செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடுவதைக் கனகாம்பிகை கவனித்திருக்கிறாள். கவனித்தும் கவனியாதவள் போல இருந்துவிடுவாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்த காலத்திலேயே பழைய நாணயங்களில் பைத்தியம் கொண்டவர். அதிலும் அச்சடிக்கும்போது பிழையாகிப்போன வெள்ளிக்காசுகள்தான் அவருக்கு உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், யாரோ ஒரு கிழவரின் தகரப்பெட்டிக்குள் அவருக்கு அது அகப்பட்டது. விக்டோரியா மகாராணியின் தலை போட்ட காசு. ஒரு பக்கத்தில் தலை புடைத்து நின்றது. மறுபக்கத்தில் இருக்கவேண்டிய இலச்சினை இல்லை. அதே தலை, இடம்வலம் மாறி, உள்ளே குழிந்து கிடந்தது. முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் வந்த பிழை. கறுத்துப்போய்க் கிடந்த அந்தக் காசைப் பார்த்துவிட்டு, நாணயம் சேர்ப்பவர்களின் சங்கத்தில் ஒருவர், "இந்தக் கறுப்பைத் தொடாதே. அதுதான் இதன் வயதுக்குச் சாட்சி" என்று சொல்லியிருந்தார். அதை ஏலத்தில் விற்று ஒரு சின்னக் கடை போடவேண்டும் என்பதுதான் அவருடைய கனவு.

பதினாலு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். ஏலக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புவதற்காகக் காசுகளை மேசையில் துவாய் விரித்துப் பரப்பிவிட்டு ஷிப்டுக்குப் போனவர், பின்னேரம் வந்து பார்த்தபோது எல்லாம் புதுத் தட்டு மாதிரிப் பளபளத்தன. திருநீறும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்த வெள்ளி!

"இதைச் செய்தது ஆரெண்டாலும் இப்பவே பெட்டியோட வெளியிலை போகவேணும்!" என்று அவர் கத்தியதில் சுவர் அதிர்ந்தது.

"நான்தான்…" என்றாள் கனகாம்பிகை.

அவளை அவர் வெளியே அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து காசு அறைக்குப் பூட்டு விழுந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, எங்கே நாலு பேர் கூடினாலும், "எங்கட வீட்டு அம்மா ஒரு கடையையே தேய்ச்சுக் கழுவினவ" என்று சொல்லிச் சிரிப்பார். சபையும் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

மோர்டனில் இருந்த அவளுடைய அண்ணன் இராஜேந்திரனின் மகள் கம்சிகாவின் கலியாணத்திலும் அதைச் சொன்னார். அன்றைக்கு அண்ணன் சிரிக்கவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், "ஏன் பிள்ளை, ஒரு சொல் கேட்டிட்டுத் தொட்டிருக்கக் கூடாதோ?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளால் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுகமில்லை, வேலை, குளிர் என்று சொல்லிச் சொல்லி மோர்டன் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து அண்ணன் போய்விட்டார். சவப்பெட்டிக்குள் மூடிய கண்களோடுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு சேஷாத்ரி வந்தார். சென்னைக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ரெய்னர்ஸ் லேனில் வீடு. பார்வை போய்க்கொண்டிருப்பதால் சேகரிப்பை விற்றுவிடுவது என்று ஸ்ரீஸ்கந்தராஜா முடிவெடுத்திருந்தார். சேஷாத்ரி ஒவ்வொரு காசாகப் பூதக்கண்ணாடிக்குள் பிடித்துப் பார்த்தார். மகாராணி காசு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிழை அசல்தான் சார். ஆமா, சந்தேகமே இல்ல. ஆனா இதை யாரோ தேய்ச்சிருக்காங்களே… பாருங்க, முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்."

"அதுக்கு ஒண்டும் செய்யேலாதோ?"

"முடியாது சார். நூறு வருஷத்துக்கு மேல தானா படிஞ்ச நிறம். போனா போனதுதான். தேய்க்காம இருந்தா ஏலத்துல இதுக்கு மல்லுக்கட்டியிருப்பாங்க. இப்ப அந்த விலையில பத்துல ஒரு பங்கு வந்தாலே பெருசு. மன்னிக்கணும், உள்ளதைச் சொல்றேன்."

தெரிந்த கதைதான். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் சிவந்தது.

"இஞ்ச வாரும்!" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். கனகாம்பிகை ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றாள். "வடிவாப் பாருங்கோ மிஸ்டர் சேஷாத்ரி! நான் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு பின்னேரத்திலை நாசமாக்கின மகராசி இவதான்! இவவின்ர தமையனே வெட்கத்திலை தலை குனிஞ்சவர்…"

"அண்ணையை விடுங்கோ!" கனகாம்பிகையின் குரல் உடைந்தது. "செத்துப்போன மனுசனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ…"

"ஏன்? நான் பொய்யோ சொல்லுறன்?"

"பொய்தான் அண்ணை!"

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற சிவனேஸ்வரி அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தாள்.

"நான்தான் மினுக்கினனான்! அண்ணி வேலையாலை வரேக்கை எல்லாம் முடிஞ்சுது. கறுத்துக் கிடக்கே, உங்களுக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு… சாமி விளக்கோட சேர்த்துத் தேய்ச்சுப்போட்டன். நீங்கள் கத்தினவுடனை அண்ணி முந்திக்கொண்டா. வாய் திறக்காதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. அந்தச் சத்தியத்துக்குப் பின்னாலை ஒளிஞ்சுகொண்டு பதினாலு வருசம்… நான் பாவி அண்ணை, பாவி!"

சேஷாத்ரி சத்தமில்லாமல் காசைப் பெட்டிக்குள் வைத்தார். "இன்னொரு நாள் வர்றேன் சார்" என்று எழுந்தவர், கனகாம்பிகையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"கனகம்…" எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது. "ஏன் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்? செய்தது ஆரெண்டாலும் பெட்டியோட போகவேணுமெண்டு. அவள் வந்து நாற்பது நாள். புருசனையும் பிள்ளையையும் வன்னியிலை பறிகொடுத்திட்டு வந்தவள். அகதிக் கேஸும் முடியேல்லை. எங்கை போவாள்? என்னை அனுப்பமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கோவம் ஆறினாப்போலை சொல்லலாமெண்டுதான் இருந்தனான். நீங்கள் அதைச் சபையிலை பகிடியாக்கிப் போட்டீங்கள். பேந்து சொன்னால் உங்களுக்கல்லோ வெட்கம்…"

ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ… நான் இனி என்ன செய்ய? எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லுறன், கனகம். ஒருத்தர் விடாமல் சொல்லுறன்…"

"சொல்லுங்கோ" என்றாள். "அண்ணைக்கு ஆர் சொல்லுறது?"

அவர் மேசையில் கிடந்த காசுப்பெட்டியைத் தடவி மூடினார்.

கனகாம்பிகை சிவனேஸ்வரியைத் தூக்கி நிறுத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அழாதை. உன்னிலை எனக்கு ஒரு நாளும் கோவமில்லை" என்றாள். பிறகு கோட்டை எடுத்துப் போட்டாள்.

"எங்கை போறீர்?" அவர் பதறிக்கொண்டு எழுந்தார்.

"மோர்டனுக்கு. மச்சாளைப் பார்க்கவேணும். இடியப்பமும் சொதியும் கிடக்கு, சிவா போட்டுத் தருவாள். போயிட்டு வாறன்."

நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இரண்டு ரயில். முன்பு பாரமாகத் தெரிந்த தூரம் அன்றைக்கு மிகச் சின்னதாகத் தெரிந்தது. அதுவே அவளுக்கு வலித்தது. மணியை அழுத்தும் முன்பே கதவு திறந்தது. இராஜேந்திரனின் மனைவி தவமலர் அழுத கண்களோடு நின்றாள்.

"இப்பதான் உன்ர மனுசன் போன் எடுத்தவர்… குழந்தை மாதிரி அழுதார். உள்ளுக்கு வா கனகம்."

"மச்சாள், அண்ணை கடைசிமட்டும் என்னைப் பிழையா…"

"ஆர் சொன்னது? உன்ர அண்ணைக்குத் தெரியும்."

கனகாம்பிகை திகைத்து நின்றாள்.

"கலியாணம் முடிஞ்சு வீட்டை வந்தவுடனை என்னட்டைச் சொன்னவர். 'சின்னனிலை என்ர பேனையைத் தொடுறதெண்டாலும் கேட்டிட்டுத் தொடுறவள், தவம். இவள் செய்திருக்கமாட்டாள். ஆரையோ காப்பாத்துறாள்' எண்டு. தான் அப்படிக் கேட்டது பிழை எண்டு எத்தினை நாள் புலம்பினவர் தெரியுமே!"

"அப்ப… அப்ப ஏன் மச்சாள் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"போனிலை கதைக்கிற கதையில்லை, அவள் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும் எண்டு இருந்தவர். தீபாவளிக்குப் பார்ப்பார், வருசப்பிறப்புக்குப் பார்ப்பார்…" தவமலர் அவளுடைய கன்னத்தைத் தடவினாள். "நீதான் வரேல்லையே, பிள்ளை."

பதினாலு வருடம் ஒருவர் முன்னாலும் அழாதவள், வாசலிலேயே மச்சாளின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஓம் மச்சாள்… நான்தான் வரேல்லை. நான்தான் வரேல்லை…"