ஐந்து நாற்பத்து மூன்றுக்கு வந்தவன்

புதன்கிழமை காலை கின்வா மாடிப்படி ஏறி வந்தபோது, நஸ்ரி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பெய்ரூட் தொலைபேசி இணைப்பகத்தில் பொறியாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஊரார் மரியாதையாக 'உஸ்தாத்' என்று அழைத்துக் கொண்டுவரும் சிக்கல்களைப் பிரித்துப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. கீழே கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அரக்ஸி, ஆள் ஏறும் சத்தம் கேட்டதுமே கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டாள். ஊர்ச் சிக்கல் என்றால் அந்த அம்மாளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"என் அண்ணன் வஃபீக்கைக் காணோம். எட்டு நாள் ஆச்சு" என்றாள் கின்வா. முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். "போலீஸ்ல, படகு ஏறி சைப்ரஸ் போயிருப்பான்னு சொல்லிட்டாங்க. நாலு பேர் வந்து கார்ல ஏத்திட்டுப் போனதைத் தெருவே பாத்துச்சு, உஸ்தாத்."

வஃபீக் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளன். காலாவதியான புற்றுநோய் ஊசிகளுக்குப் புதுத் தேதி ஒட்டி விற்பதைப் படமும் வீடியோவுமாக எடுத்து வைத்திருந்தான். போன செவ்வாய் மாலை, அவற்றை ஃபத்லோ என்ற வழக்கறிஞருக்கு அனுப்பினான்; வக்கீல் என்பதால் ஊரில் எல்லோரும் அவரை 'மேத்ர்' என்பார்கள். தன் பெயரைச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

"எதுல அனுப்பினான்?" என்று கேட்டார் நஸ்ரி.

கின்வா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் செஞ்ச செயலியிலதான். நானும் என் கூட்டாளி ஸாஹியும் மூணு வருஷமா உருவாக்கினது. ஃபைல் எங்கேயும் தங்காது. இவர் கம்ப்யூட்டர்லேருந்து அவர் கம்ப்யூட்டருக்கு நேரா, பூட்டின மாதிரியே போகும். சாவி லிங்க்குக்குள்ளேயே இருக்கு. எங்க சர்வர் ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வைக்கும், அவ்வளவுதான்."

"கல்யாணத் தரகர் மாதிரி" என்றாள் அரக்ஸி. "சேத்து வெச்சுட்டு நகந்துக்கும். அப்புறம் உள்ள நடக்கிறது அதுக்குத் தெரியாது."

"ஆமா. ஆனா யார் எப்ப வந்தாங்க, எந்த இணைப்புலேருந்து வந்தாங்கன்னு மட்டும் பத்து நாள் குறிப்பு வெச்சிருக்கும்." அவள் ஒரு தாளை நீட்டினாள். 5.02: பெறுபவர் உள்ளே. 5.40: பெறுபவர் இணைப்பு அறுந்தது. 5.43: பெறுபவர் உள்ளே, வேறொரு இணைப்பிலிருந்து. 5.58: முழுதும் சேர்ந்தது.

"மேத்ர் ஃபத்லோ சொல்றார், அஞ்சு நாப்பதுக்கு அரசாங்கக் கரண்டுலேருந்து ஜெனரேட்டருக்கு மாறிச்சாம், நெட் போச்சாம். பத்து நிமிஷம் கழிச்சு வந்தா, செயலியோட அறையில ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்கன்னு காட்டிச்சாம். அப்ப அஞ்சு நாப்பத்து மூணுக்கு வந்தது யாரு?" அவள் தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "வழக்கமா முதல்ல ரெண்டு பேரும் செயலி காட்டற நாலு எண்ணைப் போன்ல சொல்லி ஒத்துப் பாத்துக்கணும். அன்னைக்கும் பாத்தாங்க. வஃபீக் கடன் வாங்கின போன்லேருந்து எண்ணை மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டான். ஆனா கரண்டு போய்த் திரும்பி வர்றப்ப மறுபடி எண்ணு கேக்காது. விட்ட இடத்துலேருந்து தொடரும். இந்த ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து தடவை கரண்டு போவுதே, ஒவ்வொரு தடவையும் எண்ணு கேட்டா எவன் உபயோகிப்பான்னு நான்தான் அதை எடுத்துட்டேன். ஸாஹி வேண்டாம்னான், கேக்கல. லிங்க் கெடைச்சா எவனும் அந்த நேரத்துல உள்ள நுழைஞ்சுடலாம். அந்த ஓட்டை தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான். அதனால அவனே துரோகின்னு மூஞ்சிக்கு நேரா கத்திட்டு வந்துட்டேன்."

நஸ்ரி தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டே கேள்வி கேட்டார்.

"விட்ட இடத்துலேருந்துன்னா, அதுவரைக்கும் வந்தது எங்கே இருக்கும்?"

"வாங்கறவர் கம்ப்யூட்டர்லயே துண்டு துண்டா இருக்கும்."

"உங்க அண்ணன் லைன் என்ன வேகம்?"

"ஆமை வேகம். எல்லாத்தையும் அனுப்ப அம்பது நிமிஷத்துக்கு மேல ஆகும்."

நஸ்ரி அரக்ஸியிடம் திரும்பினார். "பதாரோவுல மேத்ர் ஆபீஸ் இருக்கிற கட்டடத்துக்குக் கீழே என்ன கடை?"

அரக்ஸி அடுத்த நிமிடமே கிளம்பிவிட்டாள். மதியம் ஒரு கிலோ ஆட்டிறைச்சியும் மூச்சிரைப்புமாகத் திரும்பினாள். "கசாப்புக் கடை, உஸ்தாத்! வாயைத் திறந்தா மூடமாட்டேங்கறார் மனுஷன்" என்று தொடங்கி, கேட்டது அத்தனையும் ஒப்பித்தாள். நஸ்ரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மறுநாள் நாலு மணிக்கு எல்லோரும் ஃபத்லோவின் அலுவலகத்தில் கூட வேண்டும் என்றார்.

ஃபத்லோ நல்ல வாசனையுள்ள மனிதர். எல்லோருக்கும் தன் கையாலேயே காபி ஊற்றினார். கின்வாவிடம் "தைரியமா இரு மகளே" என்றார். ஸாஹி கதவருகே கையைக் கட்டி நின்றான். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"ஸாஹியிலேருந்து ஆரம்பிக்கறேன்" என்றார் நஸ்ரி. "அனுப்பறவர் எந்த வீட்டு இணைப்புலேருந்து வர்றார்னு சர்வருக்குத் தெரியும். ஆனா உள்ள என்ன போவுதுன்னு தெரியாது. கோழிக் குழம்பு செய்முறையா, கிடங்குப் படமான்னு ஸாஹியால சொல்ல முடியாது. கார் அனுப்பினவனுக்கு ரெண்டும் தெரிஞ்சிருந்தது. எங்கேருந்து வந்துச்சு, என்ன வந்துச்சு. நேரா இணைஞ்சா ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணோட முகவரியை ஒண்ணு பாத்துக்கும். அதனால ரெண்டையும் ஒருசேரப் பாக்கக்கூடிய இடம் ஒண்ணே ஒண்ணுதான். வாங்கறவர் நாற்காலி."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் ஃபத்லோ. "அந்த நாற்காலியில வேற ஒருத்தன் வந்து உக்காந்துட்டான்."

"உக்காந்தவன் பதினைஞ்சு நிமிஷத்துல வேலையை முடிச்சிருக்கான், மேத்ர். புதுசா ஒருத்தன் புதுக் கம்ப்யூட்டரோட வந்திருந்தா, வஃபீக்கோட ஆமை லைன்ல முதல்லேருந்து அம்பது நிமிஷத்துக்கு மேல ஆகியிருக்கும். முதல் முப்பத்தெட்டு நிமிஷத்துத் துண்டுகள் யார் கிட்ட ஏற்கெனவே இருந்துச்சோ, அவராலதான் மிச்சத்தைப் பதினைஞ்சு நிமிஷத்துல வாங்க முடியும். கம்ப்யூட்டர் அதேதான். மாறினது இணைப்பு மட்டும். ஆபீஸ் நெட்டை அணைச்சுட்டு, கைபேசி நெட்ல ஒட்டிக்கிட்டா போதும்."

கின்வா வாயைப் பொத்திக்கொண்டாள். தாளில் இருந்ததை எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தன் மேல் பழியைச் சுமத்திக்கொள்ளும் அவசரத்தில், எளிய கழித்தலைக்கூட அவள் செய்யவில்லை.

"கரண்டு மாறிச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் ஃபத்லோ, குரல் உயராமல்.

"சொல்லு அரக்ஸி" என்றார் நஸ்ரி.

அதற்குத்தானே அவள் காத்திருந்தாள். "கீழே கசாப்புக்காரர் சொன்னார். போன வாரம் திங்கக்கிழமை காலையிலேருந்து புதன் ராத்திரி வரைக்கும் இந்தத் தெருவுல அரசாங்கக் கரண்டே வரலையாம். மூணு நாளும் ஜெனரேட்டர்தான். ஒரு நிமிஷம் நின்னிருந்தாலும் என் கறியெல்லாம் நாறியிருக்கும், ஜெனரேட்டர்காரன் சட்டையைப் பிடிச்சிருப்பேன்னார். இல்லாத கரண்டு எங்கேருந்து மாறும், மேத்ர்?"

"இந்த ஊர்ல ஒருத்தர் கரண்டு போச்சுன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்" என்றார் நஸ்ரி. "தாமதமா வந்தாலும் அதான், வேலை முடிக்காட்டியும் அதான். சாவு வீட்டுக்குப் போகாட்டியும் அதைச் சொன்னா போதும். நானும் எத்தனையோ தடவை சொல்லித் தப்பிச்சிருக்கேன். அதனாலதான் நீங்களும் அதையே எடுத்தீங்க. படம் நேரா உங்க கையில வந்து, அப்புறம் ஆள் காணாமப் போனா, பழி உங்க மேல மட்டும்தான் விழும். நடுவுல ஒரு மூணாவது ஆள் வேணும். கின்வா விட்ட ஓட்டை, ஒரு தடவை நெட் போய் வந்த எவருக்கும் தெரியும். அது வழியா நீங்களே போய் நீங்களே வந்தீங்க. மூணாவது ஆள் யாருமே இல்ல."

ஃபத்லோ தன் கோப்பையில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார். மறுப்பார், கத்துவார் என்று அரக்ஸி எதிர்பார்த்தாள். அவர் அதற்குக்கூட மெனக்கெடவில்லை.

"நல்லா யோசிக்கறீங்க உஸ்தாத். இதை எந்தக் கோர்ட்ல சொல்லப் போறீங்க? ஒரு தாளு, ஒரு கசாப்புக்காரன். ரெண்டையும் குறுக்கு விசாரணை பண்ண நானே வருவேன். கிடங்கு யாரோடதுன்னு நீதிபதிக்கும் தெரியும்."

சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நஸ்ரிக்கு அது வரும்போதே தெரிந்திருந்தது. உண்மையைக் கண்டுபிடித்து விடலாம், அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது.

கின்வா எழுந்து ஃபத்லோவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "நான் கேஸ் போடல. யாருக்கும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் உயிரோட இருக்கானா?"

ஃபத்லோ முதல் முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "நான் ஒரு இணைப்பு எண்ணைத்தான் குடுத்தேன். அது யார் வீடுன்னு அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் நான் கேக்கல."

"எட்டு, ஒம்பது நாளா கேக்கலையா?"

"கேட்டா தெரிஞ்சிடுமே" என்றார் அவர்.

நால்வரும் படியிறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸாஹி நின்றான். "கின்வா, அந்த எண்ணு கேக்கற விஷயத்தை இன்னைக்கே திரும்பப் போட்டுடலாம்" என்றான். அவன் மன்னித்துவிட்டான் என்பதை அவனால் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

"அது கேட்டிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார் நஸ்ரி, ஆறுதலாக. "சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேந்துச்சு. நீ எழுதின பூட்டு உடையல. உன் வேலையில குத்தமில்ல."

கின்வா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியும், உஸ்தாத். பூட்டைப் பத்தி அண்ணன் கேக்கவே இல்ல, அதை நம்பினான். யாருக்கு அனுப்பறதுன்னுதான் கேட்டான்." கீழே கசாப்புக் கடையில் எலும்பு வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நான்தான் மேத்ர் பேரைச் சொன்னேன்."