கொசுறு

"பத்துல ஆறு பங்கு எடுத்துக்கறோம்மா. அதுக்கு மேல என் கட்சிக்காரர் தாங்க மாட்டாரு" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

சுகன்யா முகத்தில் எதையும் காட்டவில்லை. தேனிப் பக்கம் பூண்டு மண்டி வைத்துப் பாதி ஆயுளைக் கழித்தவள். எதிராளி சொல்லும் முதல் விலை காதில் விழாததுபோல முந்தானையைச் சரிசெய்வது அவள் வழக்கம். இன்றும் சரிசெய்தாள். ஆனால் இன்றைய பேரம் பூண்டுக்கு இல்லை. மகன் மகிழன் செத்த நாளிலிருந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் துயரத்துக்கு.

உயிருக்குப் பணத்தால் ஈடு கட்டுவது அநாகரிகம் என்று அரசாங்கத்துக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. அப்போது வந்ததுதான் துயர் மாற்றுச் சட்டம். கொன்றவன் எதை உண்டாக்கினானோ அதை அவனே சுமக்கட்டும் என்றது. ஒவ்வொரு உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒரு துயர்மாற்றி வைத்தார்கள். சலூனில் இருப்பதுபோல இரண்டு நாற்காலிகள், இரண்டு தலைக்கவசங்கள், நடுவே தடித்த ஒரு கேபிள். நினைவின் நகல் எதிர் நாற்காலிக்குப் போகும். மூலம் இங்கேயே இருக்கும். ஆனால் வலிக்கு நகல் கிடையாது. அது ஒன்றே ஒன்றுதான். நகலின் கையைப் பிடித்துக்கொண்டு அதுவும் அந்தப் பக்கம் போய்விடும்.

எதிரே ரித்விக் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். பக்கத்து மண்டிக்காரன். அவனுடைய எடை மோசடியை மகிழன் சந்தை நடுவில் நின்று சொன்னதற்காக, மூட்டைக் கொக்கியை எடுத்து மகிழன் கழுத்தில் இறக்கியவன். சந்தையே பார்த்தது. குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனதும் சந்தையே பார்க்கவில்லை என்றது. கண்காணிப்புக் கேமராக்கள்கூட அன்று பார்த்துப் பழுதாகியிருந்தன. அவற்றுக்கும் குடும்பம் குட்டி இருக்கும்போல. சந்தேகத்தின் பலனை வாங்கிக்கொண்டு ரித்விக் மாலையோடு வெளியே வந்தான்.

"அக்கா, அது கிரிமினல். அங்க துளி சந்தேகம் இருந்தாலும் விட்ருவாங்க. சிவில் அப்படியில்ல. இவந்தான் செஞ்சிருப்பான்னு தராசு லேசாச் சாஞ்சாப் போதும்" என்று வழக்குப் போட வைத்தவள் வக்கீல் பெனாசிர். தராசு சாய்ந்தது. ரித்விக்தான் பொறுப்பு என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். எத்தனை பங்கு என்பதை மட்டும் சமரச அறையில் பேசி முடிக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"ஆறே அதிகம்மா. உங்க பையனும் இவரு சட்டையப் பிடிச்சிருக்காரு. அதுக்குக் கழிவு வேணும்ல?"

"பூண்டுல தூசி தும்புக்குக் கழிப்போம். பெத்த புள்ளையில என்னத்தக் கழிக்கச் சொல்றீக?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். ஏழு என்றார். சுகன்யா எழுந்து செருப்பு மாட்டப் போனாள். எட்டு என்றார். வாசல்வரை போய்விட்டாள். ஒன்பதில் வந்து உட்கார்ந்தாள்.

அத்தனையையும் அவள் இறக்கிவைக்க நினைத்ததற்குக் காரணம் ஒரு தராசு. மண்டியின் பேசும் தராசுக்குக் குரல் கொடுத்தது மகிழன்தான். எடையைச் சொல்வதோடு, யாராவது தட்டில் கை ஊன்றினால் "கையை எடு ஆத்தா" என்று அதட்டவும் பதிந்து வைத்திருந்தான். ஊரே அம்மாவை மம்மி என்ற காலத்தில் வேண்டுமென்றே அவளை ஆத்தா என்று வம்புக்கு இழுப்பவன். அவன் போனபிறகு சுகன்யா மூட்டையே இல்லாத தட்டில் கையை ஊன்றுவாள். அது அதட்டும். மறுபடி ஊன்றுவாள். லோடு ஏற்ற வந்தவர்கள் முதலில் அழுதார்கள். பிறகு வேறு மண்டிக்குப் போனார்கள்.

துயர்மாற்றியை இயக்கும் பெண் கவசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒன்பதுதாம்மா சட்டத்துல உச்சம். ஒரு பங்கு உங்ககிட்டயே இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கலாமா?"

அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க எழுதிக் குடுத்து, அவரும் ஒத்துக்கிட்டா மாத்தலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா. அந்தக் கடைசிப் பங்குல என்ன இருக்குன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது."

"அக்கா, போதும். ஜெயிச்சாச்சு" என்று பெனாசிர் கையைப் பிடித்தாள்.

ஆனால் பேரம் படிந்த பிறகு கை நீட்டாமல் எழுந்து வந்த பழக்கம் சுகன்யாவுக்குக் கிடையாது. ஒரு லோடு வாங்கினாலும் நாலு பூண்டாவது மேலே விழ வேண்டும். "ஒன்பதக் குடுத்துட்டு ஒண்ண நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமாக்கும். அதையும் கொசுறாச் சேத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

ரித்விக் முதன்முறையாக வாயைத் திறந்தான். "வாங்கிக்குங்க சார். ஒன்பது தூக்குறவனுக்கு ஒண்ணு ஒரு பாரமா? கெழவி சந்தோசமாப் போகட்டும்." சூயிங்கத்தை நாற்காலிக்கு அடியில் ஒட்டிவிட்டுக் கவசத்துக்குள் தலையைக் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் அந்த நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுகன்யாவுக்கு அது தெரிந்த சத்தம். பிணவறை வாசலில் அவள் போட்டது.

அவள் வீட்டுக்கு வந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்று தெரிந்தது. நாக்குக்கு ருசி தெரிந்தே வெகுநாளாகியிருந்தது. தூங்கினாள். மண்டிக்கு லோடுகள் திரும்பி வந்தன. முகம் தெளிஞ்சிருச்சு என்று சொந்தங்கள் மெச்சினார்கள். தராசு மட்டும் இடைஞ்சலாக இருந்தது. கணக்குச் சொல்லும்போது நடுவில் அதட்டுகிறது என்று வியாபாரிகள் சிரித்ததால், குரலை மாற்ற ஆள் வரச் சொல்லியிருந்தாள்.

மகிழனின் வருசத் திதி வந்ததே அவளுக்கு நினைவில்லை. பெனாசிர் போனில் கூப்பிட்டு, "அக்கா, இன்னைக்கு நாள் எப்படிப் போகுதோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றபோது, "ஏன், இன்னைக்கு என்ன? கொடைக்கானல் லோடு லேட்டு, அவ்வளவுதான்" என்றாள். "இன்னைக்கு மகிழனோட திதி அக்கா" என்றாள் பெனாசிர். அப்போதுதான் சுகன்யாவுக்குக் கணக்கு இடித்தது. மகனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வந்தது. நெற்றித் தழும்பு வரைக்கும் வந்தது. குடோனில் இருக்கும் சரக்கு மாதிரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. எதையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

உள்ளே தராசு பேசியது. "கையை எடு ஆத்தா."

லோடு இன்னும் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தாள். ரித்விக் நின்றிருந்தான். தன் மண்டியை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தான். வெறும் தட்டில் இரண்டு கையையும் ஊன்றி, அது அதட்ட அதட்ட அழுதுகொண்டிருந்தான். மேசைமேல் ஒரு பொட்டலம். மகிழனுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய்.

"இன்னைக்கு எங்க போறதுன்னு தெரியல ஆத்தா. அதான் வந்துட்டேன்" என்றான்.

அவனைப் பார்த்தால் அடிவயிறு எரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எரியவில்லை. இத்தனை நாளும் மண்டியை நடத்தியது கையின் பழக்கம்தான். அந்தப் பழக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேரத்தை ஆரம்பித்தாள்.

"திருப்பிக் குடுத்துரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா கோர்ட்ல மாத்திக் குடுப்பாக. பத்தும் வேணாம். ஒன்பத நீயே வச்சுக்க. கொசுறாக் குடுத்தேன்ல, அந்த ஒண்ணு மட்டும் குடு. என்ன வேணும் ஒனக்கு? மண்டிய எழுதித் தரவா?"

வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"நீ ஒரு விலை சொல்லு."

"ஒன்பதையும் குடுக்கறேன் ஆத்தா, எடுத்துக்குங்க. அந்த ஒண்ணக் கேக்காதீங்க." கண்ணைத் துடைத்தான். "வலியெல்லாம் ஒன்பதுலயே முடிஞ்சிருச்சு. அதுல வலியே இல்ல. அதுலதான் அவன் இருக்கான். பொறந்து கையில வாங்குனப்ப வந்த பூரிப்பு, மொதப் பல்லு, நீங்க திட்டுனா அவன் சிரிக்கறது. அது இருக்கறதாலதான் மத்த ஒன்பதையும் தூக்க முடியுது. இல்லேன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன்."

செத்துப்போ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்கு வேண்டிய ஆத்திரம் அவளிடம் இல்லை. அதையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தாள். சந்தையில் முதன்முறையாக, விலையே இல்லாத ஒரு சரக்குக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, குடுக்க வேணாம்" என்றாள் கடைசியில். "எப்படி இருக்கும்னாவது சொல்லு."

ரித்விக் தட்டைத் தடவினான். "ரெண்டு வயசிருக்கும். உதிர்த்துப் போட்ட பூண்டுச் சருகுக் குவியல்ல குதிச்சு எந்திரிச்சான். தலையெல்லாம் சருகு. 'மழை பேஞ்சுச்சு ஆத்தா'ன்னு வந்து நின்னான்."

"மஞ்சச் சட்டை" என்றாள் சுகன்யா.

"ஆமா. பொத்தான் ஒண்ணு இல்ல. நீங்க ஊக்கு குத்தியிருந்தீங்க. தூக்குனதும் அந்த ஊக்கு உங்க கன்னத்துல கீறுச்சு. அப்படியும் எறக்கி விடல. அந்தக் கழுத்து வாசம்..."

சுகன்யா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஒன்றுகூடத் தப்பில்லை.

அவன் கிளம்பினான். வாசலில் கொடைக்கானல் லோடு வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்லிட்டுப் போப்பா" என்றாள். "கொசுறா."