உள்ளறைக்கு வந்த கரண்ட்

அஸீலா வாப்பாவின் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்து அணைத்தபடி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தாள்.

“அண்ணாச்சி, இதுக்குப் புது பேட்டரி வேணும்.”

அருணாசலம் அண்ணாச்சி பழைய பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். “என்னளா இது, பூரி மாதிரி உப்பிக் கெடக்கு! இனிமே இதப் போடக் கூடாது. நீ போயி வாப்பாவ வரச்சொல்லு. சின்னப்பிள்ளைட்ட என்னத்தப் பேச?”

“வாப்பா மவுத்தாயிட்டாங்க, அண்ணாச்சி. துபாய்ல. அங்கனயே அடக்கிட்டாங்க.”

அண்ணாச்சி திருப்புளியை மெல்லக் கீழே வைத்தார்.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, வெளி ஆண்கள் முன்னும் வருவதில்லை. அதனால்தான் அஸீலா வந்திருந்தாள்.

“இந்த மாடல் சென்னையில இருந்து வரணும். பத்து நாளாவும்மா.”

“பத்து நாளா? உம்மா வாப்பா சத்தத்தக் கேக்கணுங்காங்க. வீடியோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.”

“சார்ஜரச் சொருவுனா பேட்டரி இல்லாமலே ஓடும்லா?”

“உள்ளறையில பிளக் இல்ல. முன்னறைக்குத் துக்கம் கேக்க ராத்திரி வரைக்கும் ஆம்பளைங்க வாராங்க. உம்மா அங்கன வர மாட்டாங்க.”

அஸீலா தலை குனிந்தாள். அண்ணாச்சியின் மேசை விசிறிக்குச் சுவரிலிருந்து ஒரு நீள வயர் தரையோடு போனது. அதன் முனையில் பிளக் பெட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, உம்மா கரண்டுகிட்ட வர முடியாட்டா, கரண்டு உம்மாகிட்ட வரலாம்லா?”

அண்ணாச்சி விசிறியை நிறுத்தி, வயரைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

“பேட்டரி வந்ததும் சொல்லி அனுப்புதேன். அப்போ இதத் தந்தாப் போதும்.”

“உங்களுக்கு வேர்க்குமே?”

“வேர்த்தா வேர்க்கட்டும். நீ பாத்துப் போளா.”

முன்னறையில் துக்கம் கேட்க வந்த நூகு மாமா உட்கார்ந்திருந்தார். “மாமா, பைய காலத் தூக்குங்க” என்றாள். அவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். முன்னறைப் பிளக்கில் சொருகிய வயர் வாசல் திரைக்கு அடியில் புகுந்து உள்ளறைக்குப் போனது.

லேப்டாப் விழித்தது. அஸீலா ஒவ்வொரு வீடியோவாகத் திறந்தாள். ஒன்றில் உம்மா மீன் கழுவினார். இன்னொன்றில் உம்மா துணி மடித்தார். வேறொன்றில் அஸீலா பல் விழுந்த வாயைக் காட்டினாள்.

ஒன்றிலும் வாப்பாவின் முகம் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான்.

“உம்மா, வாப்பாவக் காணோமே...”

“சத்தம் கேக்குதுலா, அது போதும். அடுத்ததப் போடு.”

அடுத்ததில் உம்மா முதுகைக் காட்டி நின்றார்.

“நஃபீஸத், இங்கன பாரு” என்று உம்மாவைக் கூப்பிட்டார் வாப்பா.

லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.