ஏழு நாளையும் எழுதி வைத்தேன்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பையோடு தங்கச்சி வீட்டுப் படி ஏறினேன். ஏறும்போதே எரிச்சல். வருஷத்துக்கு எனக்குப் பன்னிரண்டு நாள்தான் விடுப்பு, அதில் ஏழு நாளை இவளுக்குத் தாரை வார்த்தாயிற்று என்று மனசுக்குள் முனகிக்கொண்டேதான் மணியை அழுத்தினேன். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துத்தான் இந்தக் கதி.

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. பழைய கட்டிடம். பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் ஜன்னலை ஒட்டி நின்றதால் பட்டப்பகலிலும் நடு அறையில் விளக்குப் போட வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே நனைந்த சுண்ணாம்பு வாடை அடித்தது.

"என்னடி, சுவர் ஊறுதா?"

தங்கச்சி என்னையே பார்த்தாள். "உனக்கும் வருதாக்கா? எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். அந்த வாடை வந்தாத்தான் எனக்கு அப்படி ஆகும்."

"சும்மா இருடி. பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்தேன்.

'அப்படி' என்று அவள் சொன்னது ஆறு மாதமாக நடப்பது. பேசிக்கொண்டே இருப்பாள், நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் மூக்குக்கு மேலே அளவுகோலை வைத்தவள் ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்றிருக்கிறாள். அந்த மனிதர் இதுவும் பரிசோதனையில் சேர்த்தி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். முதலில் கடையில் சிரித்தார்கள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. உடம்பு சரியானதும் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, தலை முழுக்க ஒயர் ஒட்டியும் பார்த்தாயிற்று. எல்லாமே சுத்தம். நரம்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் இதுக்கு ஒரு பேர் சொல்ல முடியலை. அவங்களுக்கு நினைவு இருக்காது. அதனால கூட இருக்கிறவங்க ஒரு வாரம் பார்த்து இதுல எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் மேல என்ன செய்யறதுன்னு பார்க்கணும்." அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நாள், நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம். நாலு கட்டம்.

நான் நம்பவில்லை. நடிப்பு என்றுதான் நினைத்தேன். பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல் வரவழைக்கிறவள் இவள். இவள் சுருண்டு படுத்தால் வீடே சுற்றி உட்காரும். நான் விழுந்தால் 'பார்த்து நடக்கக் கூடாதா' என்பார்கள். நாற்பது வயதில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவே கூசுகிறது.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு நான் பொறுப்பு. காலையும் மாலையும் எத்தனை டிகிரி என்று பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். யார் பார்ப்பது? திங்கட்கிழமையே வாரம் முழுக்க எழுதிவிடுவோம். நாலு, நாலரை, ஐந்து, மறுபடி நாலு. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும். பேனாவையும் மாற்றி மாற்றி எழுத வேண்டும். இதில் நான் கைதேர்ந்தவள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் கற்றுக்கொள்வார்கள்.

அன்று மதியம் அவள் தூங்கும்போது, நடு அறை விளக்கடியில் உட்கார்ந்து டாக்டரின் தாளையும் அப்படியே நிரப்பினேன்.

திங்கள், எதுவும் இல்லை. செவ்வாய் பதினொன்று இருபது, தம்ளரோடு நின்றுவிட்டாள், ஒரு நிமிடம். புதன் மூன்று ஐந்து, சிறுநீர் போய்விட்டது. அதுவரை அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. ஆனால் டாக்டர் அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டிருந்தார், எழுதினால் நம்பும்படி இருக்கும் என்று எழுதினேன். வியாழன் பன்னிரண்டேகால், முணுமுணுத்தாள். வெள்ளி, சனிக்கும் ஏதோ ஒன்று. கடைசியில் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஞாயிறு நாலு நாற்பது: 'விழுந்தாள். எழவில்லை.' எவ்வளவு நேரம் என்று எழுதுவதற்குள் வாசல் மணி. வீட்டுக்காரம்மா, தண்ணீர்த் தொட்டி கழுவப் போகிறார்களாம். தாளை மடித்துப் பையில் போட்டேன், மறந்தும் போனேன்.

செவ்வாய்க்கிழமை சுண்ணாம்பு வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். தம்ளரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றிருந்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

கடிகாரத்தில் பதினொன்று இருபது.

ஒரு நிமிஷத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் அவள் செய்வது எப்போதும் ஒன்றுதான். வாயைத் துடைப்பாள், துணியைச் சரிசெய்வாள், என் முகத்தைப் பார்க்காமல் "ஸாரிக்கா" என்பாள்.

"என் பையைக் குடைஞ்சியாடி?"

"இல்லக்கா. எதுக்கு?"

"நல்லா நடிக்கறே" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன்.

புதன்கிழமை தாளை என் ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டேன். மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் விறைத்தாள். கால் வழியாக வழிந்து தரையில் பரவியது. நினைவு வந்து குனிந்து பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு வந்து, "நீ தொடாதே, நீ தொடாதேக்கா" என்று என்னைத் தள்ளிவிட்டு, மண்டி போட்டு அவளே துடைத்தாள்.

நான் எழுதியதை அவள் துடைத்தாள். நடிப்பில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வியாழன் பன்னிரண்டேகாலுக்கு முணுமுணுப்பு ஆரம்பித்தது. என்ன முணுமுணுத்தாள் என்று நான் எழுதவில்லை. காதை அவள் வாயருகே வைத்தேன். உதடு அவளுடையது. குரல் அவளுடையது இல்லை. வறண்ட, அவசரமில்லாத குரல், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

"வெள்ளி பத்து ஐம்பது. சனி இரண்டு மணி. ஞாயிறு நாலு நாற்பது. விழுந்தாள். எழவில்லை."

நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

அந்தக் குரல் விடவில்லை. பிறகு என் காதுக்குள்ளேயே கேட்டது.

"எவ்வளவு நேரம்?"

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதும் தப்பவில்லை. அன்று மத்தியானம் டாக்டரின் அறைக்கு போன் செய்தேன். எடுத்த பெண், "சொல்லுங்கம்மா, ஏதாவது அவசரமா?" என்றாள். சொல்லியிருக்கலாம். பார்த்து எழுதவில்லை, முன்கூட்டியே எழுதிவிட்டேன், நீங்கள் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று இரண்டே வாக்கியம். "இல்ல, சும்மாதான்… திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தது போன பிறகு, தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? எல்லாரும் நான் வேஷம் போடறேன்னுதான் நினைக்கறாங்க. எனக்கே சில நேரம் சந்தேகமா இருக்கும், நான்தான் பண்றேனோன்னு. எனக்கு ஒண்ணும் நினைவில்லையே. நீ பார்த்து எழுதறே பாரு, அது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி."

நான் எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிறு மதியம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அடித்தால் தெரியும். எங்கள் வேலையில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் ஏன் என்று கேட்பார். தங்கச்சியும் பக்கத்தில் இருப்பாள்.

நான் யோசித்தது இவ்வளவுதான். அவள் உயிர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். மானத்துக்குப் பங்கமில்லாத வழி ஒன்று இருந்தது. காலியாக இருந்த கட்டத்தில், வேறு பேனாவால், அழகாக எழுதினேன்: 'ஒரு நிமிடம்.'

நாலு மணிக்கே அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். கீழே தலையணைகளைப் பரப்பினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா, என்னைக்கும் இல்லாத பாசம்?" என்று சிரித்தாள். அதுதான் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு.

நாலு முப்பத்தெட்டுக்கு வாடை வந்தது. இந்த முறை மூச்சு முட்டும்படி வந்தது. அவள் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்தாள். தலையணைகளைத் தாண்டினாள். நடு அறைக்குப் போனாள்.

விழுந்தாள்.

மண்டை தரையில் மோதிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூச்சில்லை. கண் பாதி திறந்திருந்தது. நான் அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து. இருபது. முப்பது. ஐயோ, ஒரு நிமிஷம்தான், எழுதியிருக்கிறேன், ஒரு நிமிஷம்தான் என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அறுபது.

எழுந்தாள்.

தடுமாறவில்லை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. துணி விலகியிருந்தது, இழுத்துவிடவில்லை. ஸாரி என்று சொல்லவில்லை. தெளிந்தபின் என் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது இதுதான் முதல் முறை. ஒரு துளி வெட்கம் இல்லை அந்தக் கண்ணில்.

"சரியாப் போச்சுக்கா" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் தாளைப் படித்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வந்ததில்லை" என்று என்னைப் பாராட்டினார். இன்னும் இரண்டு சோதனை பாக்கி, அது வரை பேர் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இன்று பார்க்க நன்றாக இருக்கிறார் என்றார். அவள் எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். நேற்று விழுந்ததைக்கூடச் சொன்னாள். நினைவிருக்கிறதா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

"எல்லாமே நினைவிருக்கு" என்றாள்.

என் பையை எடுக்க அவளோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். நான் நடு அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாடை எதுவும் இல்லை.

என் காலடியில், தரைமட்டத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"அக்கா…"

சின்னக் குரல். அழுது களைத்த குரல்.

"அக்கா, தூக்கி விடு."

நான் மண்டியிட்டேன். அவள் நேற்று விழுந்த இடம். அங்கே வெறும் தரைதான் இருந்தது. கையை வைத்தேன். குளிர்ந்த விரல்கள் என் விரல்களைப் பற்றின. கண்ணால் காண எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரியும். சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் என் கையைப் பிடித்த பிடி. என் தங்கச்சியின் பிடி.

சமையலறையில் பாட்டு நின்றது. குழாய் நின்றது.

"என்னக்கா, யார்கூடப் பேசறே?" வாசற்படியில் வந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையை, அது இருந்த இடத்தை, அமைதியாகப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். இவள் யார் என்று நான் கேட்டிருக்கலாம். கீழே கிடப்பவளை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

"யாருமில்லடி" என்றேன்.

பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நான் படி இறங்கினேன்.